கற்பிக்கப்பட்ட நாயின் வேட்டை

 



நாய் என்றதும் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது, அது வாய் வைத்த பாத்திரத்தைக் கழுவும் சட்டம்தான். அதே மார்க்கத்தில், நாய் கவ்விப் பிடித்துக் கொன்ற பிராணியை உண்ணலாம் என்னும் சட்டமும் இருப்பதை நம்மில் பலர் அறிந்திருப்பதில்லை. அறிந்தவர்களிலும், அது ஏன், எந்த நாய், எந்த நிலையில் என்று நின்று யோசித்தவர்கள் குறைவு. இன்றைய உரையை அதற்காகவே எடுத்துக்கொள்கிறேன்.

திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயமான அல்மாயிதாவின் 4ஆம் வசனத்தைத் திறந்து பாருங்கள். எவையெல்லாம் ஹலால் என்று கேட்ட மக்களுக்கு, தூய்மையானவை ஹலால் என்று அல்லாஹ் பதில் அருளுகின்றான். அதனோடு சேர்த்து, வேட்டைப் பிராணிகளுக்கு நீங்கள் கற்றுக்கொடுத்து, அவை உங்களுக்காகப் பிடித்து வைப்பதையும் அனுமதிக்கின்றான். அங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அந்தப் பிராணிக்கு நீங்கள் கற்பிக்கும் அறிவே உங்களுக்கு அல்லாஹ் கற்பித்ததுதான் என்பதையும் அந்த வசனம் சொல்லிக் காட்டுகிறது. ஒரு நாயைப் பழக்கும் கலை கூட இறைவன் கொடுத்த இல்மு என்றாகிறது! அறிவின் சிறப்பை விளக்க வந்த இப்னுல் கையிம் (ரஹ்) அவர்கள், கற்ற நாயின் வேட்டை ஹலால், கல்லாத நாயின் வேட்டை ஹராம் என்ற வேறுபாட்டையே ஓர் ஆதாரமாக எடுத்து வைக்கிறார்கள். இரண்டும் நாய்கள்தாம். இரண்டின் பற்களும் ஒன்றேதான். இடையில் இருப்பது கல்வி மட்டுமே.

இந்தச் சட்டத்தின் விவரங்களை நமக்குப் பெற்றுத் தந்தவர் அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள். கொடைக்குப் பெயர்போன ஹாத்திம் தாயியின் மகன். கிறிஸ்தவராக இருந்து இஸ்லாத்தைத் தழுவியவர். தாம் நாய்களைக் கொண்டு வேட்டையாடும் கூட்டத்தார் என்று சொல்லி, நபி (ஸல்) அவர்களிடம் நேராகவே கேட்டார். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இந்த ஹதீஸ் வந்துள்ளது. அதன் கருத்தைச் சொல்கிறேன்: பழக்கப்பட்ட உன் நாயை அல்லாஹ்வின் பெயர் சொல்லி அனுப்பியிருந்தால், அது உனக்காகப் பிடித்து வைத்ததை, அது கொன்றிருந்தாலும் நீ உண்ணலாம். ஆனால் நாய் அதிலிருந்து தின்றுவிட்டால் நீ உண்ணாதே. அது தனக்காகவே பிடித்திருக்கும் என்று அஞ்ச வேண்டியதாகிறது. உன் நாயோடு வேறு நாய்களும் கலந்துகொண்டு, எது பிடித்தது என்று தெரியாவிட்டாலும் உண்ணாதே. உன் நாயின் மீதுதான் நீ பிஸ்மில்லாஹ் சொன்னாய், மற்றதன் மீது சொல்லவில்லை.

நாய் ஓடியது, பிடித்தது, கொன்றது என்பதை வைத்து இங்கே தீர்ப்பு வரவில்லை. அவை எந்தத் தெரு நாய்க்கும் வரும். யாருக்காகப் பிடித்தது, பிடித்த பின் தன் வாயை அடக்கிக்கொண்டதா என்பதே கேள்வி. அதாவது, அந்த நாய் எதைச் செய்யாமல் நின்றது என்பதை வைத்தே அது கற்றதா இல்லையா என்று முடிவாகிறது.

நம் ஃபுகஹாக்கள் இதைத்தான் விரித்து எழுதினார்கள். அனுப்பினால் போக வேண்டும், தடுத்தால் நிற்க வேண்டும், பிடித்ததைத் தின்னாமல் வைத்திருக்க வேண்டும். எத்தனை முறை தின்னாமல் இருந்தால் அது கற்ற நாய்? தொடர்ந்து மூன்று முறை என்று இமாம் அபூயூசுஃப், இமாம் முஹம்மது (ரஹ்) இருவரும் சொன்னார்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் எண்ணிக்கை வைக்காமல், வேட்டை தெரிந்தவரின் மேலோங்கிய கருத்துக்கே விட்டார்கள். ஷாஃபிஈ மத்ஹபிலும், அத்துறை அறிந்தவர்கள் கற்றுவிட்டது என்று எண்ணும் அளவுக்குத் திரும்பத் திரும்ப நிகழ வேண்டும் என்றே உள்ளது. ஆக, கிதாபைப் புரட்டும் ஆலிமும் இந்த ஒரு கட்டத்தில் வேட்டைக்காரரின் வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. நாமும் போய்க் கேட்போமே.

பறவை வேட்டைக்கென்றே ஒரு வகை நாய்கள் உலகில் உண்டு. பாயிண்டர், செட்டர் முதலிய இனங்கள் அவை. அவை பறவையைத் துரத்திப் பிடிப்பதில்லை. காற்று வரும் திசைக்கு எதிரே முகம் வைத்து, புல்வெளியில் இடமும் வலமுமாக ஓடித் தேடும். பதுங்கியிருக்கும் கவுதாரியின் வாடை மூக்கில் பட்ட கணமே ஓட்டம் அப்படியே உறைந்துபோகும். முன்காலொன்று தூக்கிய நிலையில், வால் நீண்டு, மூக்கு பறவை இருக்கும் திக்கைக் காட்ட, சிலை போல நிற்கும். வேட்டைக்காரர் நடந்து வந்து பறவையை எழுப்பும்வரை அது அசையாமல் இருக்க வேண்டும். பாய வேண்டும் என்ற வேட்கை உடம்பெல்லாம் துடிக்க, பாயாமல் நிற்கும் நிற்பு அது.

நம் துருக்கிச் சகோதரர்களின் மண்ணிலும் இத்தகைய ஓர் இனம் இருக்கிறது. மெர்சின் மாகாணத்தின் தார்சூஸ் வட்டாரத்து நாய். மூக்கின் நடுவே பிளவு இருப்பதால் அதற்குச் சதால்புருன், அதாவது கவை மூக்கு என்று பெயர். மூக்கு பிளந்த நாயினங்கள் உலகில் மிகச் சிலவே. கவுதாரிக்கும் காடைக்கும் அதைப் பழக்குகிறார்கள். பிளந்த மூக்கு இருந்தால் மோப்பம் இரட்டிப்பு என்று நம்பி, முகத்தைப் பார்த்தே குட்டி வாங்குவோரும் உண்டு. இது பெண் பார்க்கப் போய் நகையை மட்டும் பார்த்துவிட்டு வருவது போன்றது. விவரம் அறிந்தவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் தாயும் தந்தையும் களத்தில் வேலை செய்வதைப் பார்ப்பார். தாய் வாடையில் நிற்கிறதா, அழைத்தால் வருகிறதா, மனிதரிடம் கடுகடுப்பில்லாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே குட்டிக்கு வருவார். குட்டிகளிலும், கை தட்டினால் மூலைக்கு ஓடி ஒளிவதை விட்டுவிட்டு, தயங்காமல் ஆளிடம் வருவதை, புதிய பொருளைக் கண்டால் முகர்ந்து பார்ப்பதைத் தேர்ந்தெடுப்பார். குச்சியில் கட்டிய இறகை ஆட்டிக் காட்டினால் குட்டி நிற்கும். அது கண்ணால் கண்டு நிற்பது. அதை வைத்து மூக்கின் தரத்தைச் சொல்ல முடியாது.

நிற்பது அதற்குப் பிறவியிலேயே வருகிறது. படைத்தவன் வைத்த இயல்பு அது. பிறகு மனிதன் கற்பிக்க என்ன இருக்கிறது? நின்றதை நீடிக்கச் செய்வதுதான். அங்கேதான் பொறுமை முழுவதும் தேவைப்படுகிறது.

முதல் சில மாதங்களில் பெயர் சொல்லி அழைத்தால் வருவது, நில் என்றால் நிற்பது ஆகிய இரண்டைத் தவிர வேறெதையும் அவர்கள் வற்புறுத்துவதில்லை. பிறகு நீண்ட கயிற்றைக் கழுத்துப் பட்டையில் கட்டிப் புல்வெளிக்குக் கொண்டுபோவார்கள். மறைத்து வைத்த புறாவையோ காடையையோ நாய் மோப்பம் பிடித்து நின்றதும், கயிற்றை மெல்லப் பிடித்துக்கொண்டு, பறவையைப் பறக்க விடுவார்கள். நாய் பின்னால் பாய்ந்தால் கயிறு தடுக்கும். ஒருமுறை ஓடிப் பறவையைப் பிடித்துவிட்ட இளம் நாய், நிற்பதைவிட ஓடுவதே லாபம் என்று கற்றுக்கொள்ளும். பிறகு அதைத் திருத்துவது பெரும்பாடு. பக்கத்தில் திடீரென்று துப்பாக்கி வெடித்தால் சில குட்டிகள் ஆயுளுக்கும் அஞ்சி நடுங்கும். எனவே ஓசையைத் தொலைவில் தொடங்கி, குட்டி மகிழ்ச்சியாக இருக்கும் வேளையில், நாள்பட நாள்பட அருகே கொண்டுவருவார்கள். அடித்துப் பழக்கியவரின் நாயும் நிற்கும். ஆனால் பறவைக்காக நிற்காமல், எஜமானின் கையைப் பார்த்துக் குன்றி நிற்கும். சிலது பறவை இருக்கும் இடத்தையே தவிர்த்துச் சுற்றிப் போகும். கோபக்காரர் இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது என்று அவர்கள் சொல்வது வேடிக்கைக்காக அல்ல. முழுமையாகத் தேறிய நாயாக இரண்டு மூன்று ஆண்டுகளாவது ஆகிவிடும்.

கடைசியாக, விழுந்த பறவையை எடுத்து வருவது. பறவையைக் கடித்து நசுக்கும் நாயை வன்வாய் என்று ஒதுக்குவார்கள். மென்வாயுள்ள நாய், இறகு கலையாமல் கொண்டுவந்து கையில் வைக்கும். இங்கே நம் மார்க்கச் சட்டம் நேராக வந்து இணைகிறது. துப்பாக்கிக் குண்டால் உயிர் போன பறவை ஹலாலா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. குண்டு கூர்மையால் அறுக்கவில்லை, வேகத்தால் தாக்குகிறது என்று கூறி, ஹனஃபீ ஃபகீஹ்கள் பலர் அதை அனுமதிக்கவில்லை; வேறு பலர் அனுமதித்துள்ளனர். ஆனால் உயிருடன் கைக்குக் கிடைத்ததை முறைப்படி அறுத்தால் ஹலால் என்பதில் யாருக்கும் பிணக்கில்லை. பழக்கப்படாத நாய் பிடித்ததைக் கூட, உயிருடன் பெற்று அறுத்தால் உண்ணலாம் என்று அபூ ஸஃலபா அல்குஷனீ (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் விடையளித்துள்ளார்கள். நாயின் வாய் மென்மையாக இருந்தால், அந்த அறுப்புக்கு உயிர் மிஞ்சும்.

வேட்டை என்றாலே வீண் பொழுதுபோக்கு, தக்வா உள்ளவர்களுக்குப் பொருந்தாது என்று சிலர் எண்ணலாம். 12ஆம் நூற்றாண்டில் சிரியாவின் ஷைஸர் கோட்டையில் வாழ்ந்த முர்ஷித் என்ற பெருமகனாரை அவர்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். அவருடைய மகன் உஸாமா இப்னு முன்கித் (1095–1188) தம் நினைவு நூலில் தந்தையைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். கோட்டையின் ஆட்சி தமக்கு வந்தபோது அதை வேண்டாமென்று தம்பிக்கு விட்டுக்கொடுத்தவர். பகலில் நோன்பும் வேட்டையும், இரவில் தம் கையாலேயே திருக்குர்ஆனைப் படியெடுப்பதும் என்று காலத்தைக் கழித்தவர். ராஜாளிகளுக்கும் பறவை வேட்டை நாய்களுக்கும் கான்ஸ்டாண்டிநோபிள் வரை ஆளனுப்பினார். குர்ஆன் எழுதிய அந்தக் கையே நாயின் கயிற்றையும் பிடித்தது.

ஆனால் எல்லைகளும் உண்டு. வேட்டை, கால்நடை, விவசாயம் ஆகியவற்றுக்கு அல்லாமல் நாய் வளர்ப்பவரின் நன்மையில் நாள்தோறும் குறைவு ஏற்படும் என்ற ஹதீஸை நாம் அறிவோம். உயிருள்ள எதையும் குறி பார்க்கும் இலக்காக ஆக்குவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். உண்பதற்கன்றி, சுட்டு வீழ்த்தும் இன்பத்துக்காக மட்டும் பறவையைக் கொல்பவர் இந்தத் தடையை எண்ணிப் பார்க்கட்டும். துருக்கியில் 2003ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டப்படி உரிமம் வேண்டும். எந்தப் பருவத்தில் எத்தனை பறவை என்பதையும் ஆணையம் வரையறுக்கிறது. நம் இந்தியாவிலோ, 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காட்டுக் கவுதாரியையும் காடையையும் வேட்டையாடுவது குற்றம். ஊர்ப்புறத்தில் கண்ணி வைத்துக் கவுதாரி பிடித்து, பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்தோம், ஆகவே குற்றமில்லை என்று இளைஞர் யாரும் நினைத்துவிட வேண்டாம்.

சகோதரர்களே! இந்தச் சட்டங்களில் என்னை மிகவும் சிந்திக்க வைப்பது ஒன்று உண்டு. கசாப்புக் கடையில் நான்கு பேர் பார்க்க அறுக்கிறார்கள். வேட்டைக் களத்திலோ சாட்சி யாருமில்லை. புல் மறைவில் நாய் தின்றதா, பக்கத்துக்காரரின் நாய் முந்திக்கொண்டதா, அனுப்பும்போது நாவு பிஸ்மில்லாஹ் சொன்னதா என்பதெல்லாம் அந்த ஒரு மனிதருக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டுமே தெரியும். (பிஸ்மில்லாஹ் சொல்வது ஹனஃபீகளிடம் கட்டாயம், மறதிக்கு மன்னிப்புண்டு, ஷாஃபிஈகளிடம் சுன்னத்.) மாலையில் அவர் பையைத் திறந்து பறவையை மனைவியிடம் கொடுக்கிறார். அவள் எதுவும் கேட்பதில்லை. பிள்ளைகளும் கேட்பதில்லை. அவர் கொண்டுவந்தால் ஹலாலாகத்தான் இருக்கும் என்று சமைத்து உண்கிறார்கள். இரண்டு மூன்று ஆண்டு பாடுபட்டு நாய்க்குக் கற்பித்த அடக்கம், சந்தேகமான ஒரு பறவையைக் களத்திலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பும் அந்த மாலையில் தன்னிடம் இருக்கிறதா என்று அவர்தாம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதீ (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்னவற்றில் இன்னொன்றும் உண்டு. எய்த பிராணி நீரில் விழுந்து கிடந்தால் அதை உண்ண வேண்டாம். அம்பு கொன்றதா, நீர் கொன்றதா என்பது உனக்குத் தெரியாது. ஏரிக்கரையில் வாத்து வேட்டைக்குப் போகிறவர்களுக்கு இது அன்றாடப் பிரச்சினை. பறவை நீரில் விழுந்ததும் நாய் நீந்திப் போய்க் கவ்வி வரும். அது கரை சேர்வதற்குள் கத்தியை எடுத்துக்கொண்டு வேட்டைக்காரர் தண்ணீர் ஓரத்துக்கு வந்து நிற்க வேண்டும். கைக்கு வந்த பறவையிடம் உயிர் இருந்தால் அங்கேயே அறுக்கலாம். இல்லையென்றால், நீரே கொன்றிருக்குமோ என்ற ஐயம் இருக்கும்வரை, நாய் எவ்வளவு அழகாகக் கொண்டுவந்திருந்தாலும் அதைப் பையில் போடாமல் விட்டுவிட வேண்டியதுதான்.