கோட்டை வாசலும் எங்கள் ஒழுங்கையும்



திருகோணமலைக்கு வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு நகரைச் சுற்றிக் காட்டும் வேலையைச் சில வருடங்களாகச் செய்து வருகிறேன். வேலை என்கிறேனே தவிர, கூலி எதுவும் கிடையாது. ஓய்வுபெற்ற ஆசிரியனுக்குப் பேச்சைக் கேட்க ஆள் வேண்டுமல்லவா? சென்னையில் இப்படியான நடைகளை ஓர் இயக்கம் போலவே வளர்த்துவிட்டார்கள். 2004 முதல் ஆண்டுதோறும் ஓகஸ்ட் 22 ஆம் திகதியை மெட்ராஸ் தினமாகக் கொண்டாடி, தெருத் தெருவாக ஆட்களை அழைத்துச் சென்று கதை சொல்லுகிறார்கள். அதற்கு வித்திட்டவர்களில் முக்கியமானவரான எஸ். முத்தையா, கொழும்பில் டைம்ஸ் ஒவ் சிலோன் பத்திரிகையில் பல்லாண்டு பணியாற்றிவிட்டுச் சென்னைக்குப் போனவர் என்பதில் நமக்கும் ஒரு சிறு பெருமை உண்டு.

எங்கள் ஊரிலும் நாங்கள் நிறையவே நடந்திருக்கிறோம். அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி, ஒரு சோதனைச் சாவடியிலிருந்து அடுத்ததற்கு நடந்த அந்த நடையை யாரும் உலா என்று சொல்லமாட்டார்கள். நின்று, அண்ணாந்து பார்த்து, ஆறுதலாகக் கதைத்துக்கொண்டு நடக்க முடிந்தது 2009 க்குப் பின்னர்தான்.

என்னுடைய நடை பிரெட்றிக் கோட்டை வாசலில் தொடங்கும். 1620 களில் கொன்ஸ்தந்தீனு த சா என்ற போர்த்துக்கேயத் தளபதி கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே எழுப்பிய கோட்டை அது. 1639 இல் ஒல்லாந்தர் கைக்கும், 1795 இல் ஆங்கிலேயர் கைக்கும் போயிற்று. இன்றும் இராணுவத்தின் வசமே இருக்கிறது என்றாலும், கோயிலுக்குப் போகிற எவரும் உள்ளே நடக்கலாம். புள்ளிமான்கள் பயமின்றி வழியில் நிற்கும். பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் தங்கிய வீடும் அங்கேதான் இருக்கிறது. சுவாமி மலையின் விளிம்பிலுள்ள கற்றூணடியில், காதலன் கப்பலேறிப் போனான் என்று கடலில் குதித்த ஒல்லாந்துப் பெண் பிரான்சினாவின் கதையைச் சொன்னால் எல்லோரும் உச்சுக்கொட்டுவார்கள். அவள் குதிக்கவில்லை, பிறகும் வாழ்ந்து மணம் முடித்தாள் என்று ஆவணங்களைப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதையும் சொல்லிவிடுவேன். அப்போது கேட்பவர்கள் முகத்தில் ஒரு ஏமாற்றம் தெரியும். என்ன செய்ய! பின்பு நகருக்குத் திரும்பி, நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பி, கடற்படைத் தளபதி சாள்ஸ் ஒஸ்ரினின் கல்லறையோடு முடிப்பேன். 1852 இல் பர்மாவில் போரின்போது இறந்தவரை இங்கே கொண்டுவந்து புதைத்தார்கள்.

ஒருநாள் பாடசாலைப் பிள்ளைகள் முப்பது பேரைக் கூட்டிச் சென்றேன். கோட்டை வாசலில் இரட்டைக் கயல் பொறித்த கல் ஒன்று உண்டு. எழுத்துகள் சிதைந்து போனாலும், அதில் உள்ளதாகச் சொல்லப்படும் பாட்டு எங்கள் ஊரில் பலருக்கு மனப்பாடம். குளக்கோட்டு மன்னன் செய்த திருப்பணியைப் பின்னொரு காலத்தில் பறங்கி குலைப்பான் என்பது அதன் சாரம். நான் குரலை உயர்த்தித்தான் சொன்னேன். பிள்ளைகளில் இரண்டு மூன்று பேர் திரும்பி ஒரு பையனைப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டத் தொடங்கினான். நாடா அவிழ்ந்திருக்கவில்லை.

அவன் எங்கள் ஒழுங்கைப் பையன். பாலையூற்றில் பறங்கியர் குடும்பங்கள் பல உண்டு. போர்த்துக்கேயர் வழிவந்தவர்கள். மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். தச்சும் கொல்லும் இயந்திர வேலையும் தெரிந்தவர்கள். இத்தனை வருடம் அவர்களுக்கு நடுவே குடியிருந்தும், என் நடையில் அவர்களுக்கென்று ஓர் இடம் வைக்க எனக்குத் தோன்றவில்லை. கப்பலில் வந்து கப்பலில் போனவர்களின் வீடும் கல்லறையும் மட்டுமே சரித்திரமாகத் தெரிந்திருக்கிறது.

மறுநாள் பின்னேரம் பையனின் தாத்தா வந்தார். தச்சுவேலை செய்த மனிதர். கோபமாக வந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"மாஸ்டர், கோயிலை உடைச்சவன் உடைச்சுப்போட்டுப் போயிட்டான். நாங்கள் இஞ்சதான் கதிரை செய்துகொண்டு இருக்கிறம். அதையும் பிள்ளையளுக்கு ஒருக்காச் சொல்லுங்கோவன்."

"பிழைதான் அங்கிள்" என்றேன். வேறென்ன சொல்வது?

இரவு முழுக்க அந்தக் கதிரை என்ற சொல்லே மனதில் நின்றது. கதிரை போர்த்துக்கேயர் தந்த சொல். மேசை, அலுமாரி, சப்பாத்து, குசினி, துவாய், பாண், அலவாங்கு எல்லாம் அப்படி வந்தவையே. கல்லில் பறங்கியைக் கடிந்துகொண்டு வீட்டுக்குத் திரும்பி, அவன் சொல்லில்தான் உட்காருகிறோம், அவன் சொல்லைத்தான் சாப்பிடுகிறோம். இதற்காகக் கோயிலை இடித்ததை மறக்க வேண்டுமென்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பாட்டை இன்றும் வாசலில் நின்று சொல்லுகிறேன். ஆனால் அந்த இடத்துக்கு எங்கிருந்து நடந்து வருகிறோம் என்பது மாறிவிட்டது.

இப்போது நடை பாலையூற்றில், அங்கிளின் பட்டறையில் தொடங்குகிறது. பாலை மரமும் ஊற்றும் சேர்ந்த ஊர்ப்பெயரைச் சொல்லி, பாலை மரத்தின் வைரத்தை உளிக்கு உவமை காட்டி, அவர் பேசத் தொடங்கினால் நான் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். ஒல்லாந்தர் ஆண்ட காலத்திலும் இலங்கைத் துறைமுகங்களில் பலதரப்பட்டவர்களுக்கும் பொதுப் பேச்சாக இருந்தது போர்த்துக்கேயக் கிரியோல். அதை இன்று பேசுகிறவர்கள் மட்டக்களப்பிலும் இங்கும் எஞ்சியிருக்கிற சிலரே. பறங்கியர் பலர் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள். இருப்பவர்களின் வீட்டுப்பேச்சும் பெரும்பாலும் தமிழாகிவிட்டது.

சென்ற முறை வந்த பிள்ளைகள் அந்த மொழியில் ஏதாவது சொல்லிக்காட்டும்படி கேட்டார்கள். அங்கிள் மரத்தூளைத் தட்டிவிட்டு, விரல்விட்டு ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணினார். பிள்ளைகள் கூடவே சொன்னார்கள். பிறகு பேரனைத் தனியே சொல்லச் சொன்னார். அவன் ஐந்துவரை வந்து நின்றுவிட்டான். அங்கிள் ஆறை எடுத்துக்கொடுத்தார்.