சத்துக் குறைவு என்று சொல்லித் தப்ப விடமாட்டோம்



ஆலைக் கழிவைப் பற்றி நாம் வாயைத் திறந்தால் போதும், ஒரு பதில் தயாராக வருகிறது: "உங்க பொம்பளைங்களுக்கு ரத்தசோகை. நல்லா சத்தா சாப்பிடச் சொல்லுங்க. கழிவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை." இதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் பிரித்துப் பேச வேண்டியிருக்கிறது.

காட்மியம் என்பது துத்தநாகத் தாதுவோடு கலந்து வரும் நச்சு உலோகம். நம் குடலுக்கு இரும்பு எது, காட்மியம் எது என்று சரியாகப் பிரிக்கத் தெரியாது. உடம்பில் இரும்பு குறைந்தால், இரும்பை இழுக்கக் குடல் இன்னும் பல வாசல்களைத் திறந்து வைக்கும். அந்த வாசலில் காட்மியமும் நுழைந்துவிடும். ஈயம் வருவது சுண்ணாம்புச் சத்தின் வேஷத்தில். பெரியவர்கள் உடம்பில் தங்கும் ஈயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில்தான் உட்காருகிறது. கர்ப்ப காலத்தில் தாயின் எலும்பு கரைந்து பிள்ளைக்குச் சுண்ணாம்பு போகும்போது பழைய ஈயமும் கூடவே போகும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரும்புக் குறைவு அதற்கு ஒரு முக்கியக் காரணம். எத்தனை வீட்டில் வாசல் திறந்து கிடக்குன்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.

முருங்கைக்கீரையும் கேழ்வரகும் வேண்டாம் என்றா சொல்கிறோம்? தாராளமா சாப்பிடுங்க. உள்ளே நுழைவது குறையும். ஆனால் சிறுநீரகத்தில் ஏற்கெனவே தங்கிவிட்ட காட்மியத்தை எந்தக் கீரையும் துடைத்து எடுக்காது. அது பல பத்து வருஷம் அங்கேயே கிடக்கும்.

ஜப்பானில் டோயாமா பகுதியில் நடந்ததைக் கேளுங்கள். ஜின்சூ ஆற்றின் மேல்பக்கம் மிட்சுயி கம்பெனியின் காமியோகா சுரங்கம். அதன் கழிவு ஆற்றில் கலந்தது, ஆற்றுத் தண்ணி நெல் வயலில் பாய்ந்தது, காட்மியம் அரிசியில் ஏறியது. பல பிள்ளை பெற்ற, வயதான விவசாயப் பெண்கள்தான் அதிகம் படுத்தார்கள். இருமினாலே எலும்பு முறிந்தது. "இத்தாய், இத்தாய்" என்று கதறினார்கள். "வலிக்குது, வலிக்குது" என்று அர்த்தம். நோய்க்கே அது பெயராகிப் போனது.

அங்கேயும் சத்துக் குறைவு என்ற பேச்சு வந்தது. 1968 மே மாதம் ஜப்பான் சுகாதார அமைச்சகம் விஷயத்தை உடைத்துச் சொன்னது: காட்மியம் சிறுநீரகத்தைக் கெடுத்தது, அதனால் எலும்பு மெலிந்தது, பிரசவம், பாலூட்டல், முதுமை, சுண்ணாம்புச் சத்துக் குறைவு எல்லாம் துணைக் காரணங்கள். துணைக் காரணம் இருக்கிறதென்று கம்பெனியை யாரும் விட்டுவிடவில்லை. 1971இல் விவசாயக் குடும்பங்கள் வழக்கில் ஜெயித்தன. கம்பெனி மேல்முறையீடு செய்தது, 1972இல் அங்கேயும் தோற்றது. நஷ்டஈட்டோடு நிற்காமல், சுரங்கத்துக்குள் தாங்களே போய்ச் சோதிக்கும் உரிமையையும் மக்கள் எழுதி வாங்கினார்கள். கெட்டுப்போன வயல் மண்ணைச் சரிசெய்யும் வேலை 2012 வரை இழுத்தது. ஏழு பிள்ளை பெத்தவளுக்கு எலும்பு பலவீனம்னா, அவ சோத்துல விஷம் கலக்க எவனுக்கும் லைசென்ஸ் கிடையாது!

நம்ம பாலாற்றில் தோல் ஆலைகள் கலந்தது குரோமியம். உலோகம் வேறு, நியாயம் ஒன்று. கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்பது நாட்டின் சட்டம் என்று 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வேலூர் வழக்கில்தான் சொன்னது.

இப்போது உங்கள் மண்வள அட்டையை எடுத்துப் பாருங்கள். 12 கணக்கு இருக்கும். துத்தநாகம் உண்டு, இரும்பு உண்டு. காட்மியம், ஈயம், குரோமியம் மூன்றும் கிடையாது. நல்லதை மட்டும் அளந்தால் கெட்டது எப்படித் தெரியும்?

ஆகவே நாம் கேட்பது: ஆலைக் கழிவு பாயும் ஊர்களில் இந்த மூன்றையும் மண்ணிலும் கிணற்றுத் தண்ணியிலும் அளந்து, முடிவை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டு. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் ரத்தத்தில் ஈயம் பார். இரும்பு மாத்திரை கொடுப்பதைத் தடங்கலில்லாமல் கொடு. சோதனைச் செலவை ஆலைகளிடம் வசூல் செய். மனுவில் கையெழுத்துப் போடாதவர்கள் மேடைக்கு இடப்பக்கம் வாருங்கள், தாய்மார்கள் முதலில்.