தாராபாத்திரமும் தண்ணீர்ப் பந்தலும்
(கோடைக்காலச் சொற்பொழிவின் சுருக்கம்)



அக்கினி நட்சத்திர நாட்களில் சிவாலயம் சென்றால், சிவலிங்கத் திருமேனியின்மேல் தாராபாத்திரம் தொங்குவதைக் காணலாம். அதன் அடியிலுள்ள சிறு துளை வழியே நீர் துளித்துளியாக இறங்கிக்கொண்டே இருக்கும். அக்காட்சியில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. தாகம் எடுக்கும்வரை காத்திருந்து, பின் ஒரே வேளையில் குடிப்பதைவிட, சிறுகச் சிறுக அருந்திக்கொண்டே இருத்தல் நன்று.

நம் உடம்பு வியர்வையால் தன்னைத் தானே குளிர்வித்துக் கொள்கிறது. வியர்வையோடு நீரும் உப்பும் வெளியேறுகின்றன. ஆதலின் உப்பிட்ட நீர்மோர், இளநீர், கஞ்சி ஆகியவை ஏற்றவை. 1 லிட்டர் தூய நீரில் தட்டையாக 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்தும் பருகலாம். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உடையோர் எதனை எவ்வளவு அருந்தலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும்.

கூட்டம் நெருக்கும் பிராகாரத்தில் வியர்வை எளிதில் உலராது. உலராத வியர்வை உடலைக் குளிர்விக்காது. எனவே முதியோர், கருவுற்ற தாய்மார், குழந்தைகள் ஆகியோரைக் காலையிலோ மாலையிலோ அழைத்து வருக. நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெயிலில் நிற்பதைத் தவிர்க்க. விரதம் இருப்போரும் வெயில் நாளில் நீரை விலக்க வேண்டா. சுவர் இருந்தால்தானே சித்திரம் எழுதலாம்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் தள்ளாடுகிறார், பொருளின்றிப் பேசுகிறார், மயங்கி விழுகிறார் எனில், அதனை அருள் வந்ததென்றோ விரதக் களைப்பென்றோ எண்ணி வாளாவிருத்தல் கூடாது. உடல் அனலாகக் கொதித்தால் அது வெப்பத் தாக்காக இருக்கலாம். உடல் வெப்பம் 104 பாரன்ஹீட்டைக் கடக்கும் இந்நிலை உயிரைப் பறிக்கவல்லது. வியர்வை இருப்பதால் ஆபத்தில்லை என்றும் எண்ணற்க. உடனே 108-ஐ அழையுங்கள். ஊர்தி வரும்வரை நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுதும் நீரால் நனைத்து விசிறுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் நீர் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

திங்களூரில் அப்பூதியடிகள், தாம் நேரில் கண்டிராத திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப் பந்தல் அமைத்தார் என்று பெரியபுராணம் போற்றுகிறது. வழிப்போக்கரின் தாகம் தீர்த்ததை அவர் குருபக்தியாகவே கொண்டார். நம் வீட்டு வாயிலில் ஒரு பானை நீர் வைப்பதும், வரிசையில் வாடி நிற்கும் முதியவருக்கு நம் இடத்தை விட்டுக் கொடுப்பதும் அவ்வழிப்பட்ட தொண்டே ஆகும்.

மூலவரைக் குளிர்விக்கும் நாம், அவர் சந்நிதிக்கு வந்தவரை வாட விடலாமா? சிந்திப்போம், செயற்படுவோம். அனைவரும் நலமுற்று வாழ இறையருள் துணை நிற்பதாக!