துருவேறா எஃகும் உப்பு நீரும்

மும்பையிலும் விசாகப்பட்டினத்திலும் கடலோரமாகக் குடியிருக்கும் நம்மவர் பலர், மாடிக் கைப்பிடிக் கம்பிகளுக்குத் துருவேறா எஃகையே விரும்புகின்றனர். நம் அடுக்களையில் எவர்சில்வர் என வழங்குவதும் இவ்வினத்ததே. ஆயினும், உப்பு நீர் அதனையும் அரிக்கும் என்பதை நாம் மறத்தலாகாது.

இவ்வெஃகில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் உண்டு. அது பிராணவாயுவுடன் கூடி, கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய படலமாய் உலோகத்தைக் காக்கின்றது. உப்பிலுள்ள குளோரைடு அப்படலத்தை ஆங்காங்கே சிதைக்கின்றது. மேற்பரப்பு சொரசொரப்பாயின், அதன் பள்ளங்களில் உப்பும் அழுக்கும் ஈரமும் தங்குகின்றன. பிராணவாயு உட்புகுதல் அரிதாகின்றது. சிதைந்த படலம் மீண்டும் மூடுவதில்லை. அங்கே ஊசிமுனையளவில் தோன்றும் துளை, வெளியே சிறிதாகவும் உள்ளே ஆழமாகவும் வளர்கின்றது. மெல்லிய குழாயாயின், சுவரையே ஊடுருவவும் கூடும். குழந்தைகள் சாய்ந்து நிற்கும் கம்பியில் இது அற்பமன்று.

ஆதலின், கடலோரத்திற்கு மாலிப்டினம் கலந்த 316 ரகத்தை, மேற்பரப்பின் சராசரிச் சொரசொரப்பு 0.5 மைக்ரானுக்கு மேற்படாதவாறு மெருகிட்டு அமைத்தல் நன்று. மெருகின் கோடுகள் மேலிருந்து கீழாக ஓடினால், மழைநீர் உப்பைக் கழுவிச் செல்லும். மழை படாத கம்பிகளை நாமே அடிக்கடி நன்னீரால் கழுவுதல் வேண்டும். இரும்பு நாரால் தேய்த்தல் கூடாது; அது கீறலோடு இரும்புத் துகளையும் விட்டுச் செல்லும். மென்துணியே போதும்.