வன்தட்டும் அதன் கூடும்



ஆண்டுக்கணக்கில் சேர்த்த குறிப்புகள், ஆராய்ச்சிக் கட்டுரைகள், குடும்பப் படங்கள் அனைத்தையும் இன்று நாம் கையடக்கமான வன்தட்டு ஒன்றில் வைத்துவிடுகிறோம். 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுக் கருவியோ, 50 தட்டுகளைக் கொண்டிருந்தும் ஏறத்தாழ 50 லட்சம் எழுத்துகளையே தாங்கிற்று. வளர்ச்சி வியப்புக்குரியதே. ஆயினும், தட்டை வாங்குவதில் காட்டும் கவனத்தை அதன் கூட்டைத் தேர்வதில் பலர் காட்டுவதில்லை என்பது என் எண்ணம்.

கூடு வெறும் பெட்டி அன்று. தட்டு பேசுவது சாட்டா என்னும் முறை. கணிப்பொறி அறிந்ததோ யு.எஸ்.பி. முறை. கூட்டினுள் இருக்கும் சிறு சில்லு இவ்விரண்டுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக நிற்கிறது. அது தடுமாறினால் நல்ல தட்டும் பழுதுற்றதுபோலத் தோன்றும்.

அடுத்து, இணைப்பைக் காண்போம். டைப்-சி என்பது முனையின் வடிவமேயன்றி வேகத்தின் பெயர் அன்று. யு.எஸ்.பி. 2.0 நொடிக்கு 480 மெகாபிட் வரை செல்லும்; 2008-இல் வகுக்கப்பட்ட 3.0 முறை 5 கிகாபிட் வரை செல்லும். சுழலும் தட்டு ஒன்றுக்கு இந்த 5 கிகாபிட்டே போதும். அதனினும் மிகுந்த வேகத்துக்குப் பொருள் செலவிடுவது, சுழலும் பகுதியற்ற விரைவான எஸ்.எஸ்.டி. வகைகளுக்கே பயன்தரும்.

வேகத்தினும் முதன்மையானது மின்சாரம். 2.5 அங்குலத் தட்டு, கேபிள் வழியே வரும் 5 வோல்ட்டில் இயங்கும். 3.5 அங்குலத் தட்டுக்கு 12 வோல்ட்டும் வேண்டும். ஆதலின் தனி மின்னிணைப்புள்ள கூடே அதற்கு ஏற்றது. யு.எஸ்.பி. 2.0 முனை 500 மில்லி ஆம்பியரும், 3.0 முனை 900 மில்லி ஆம்பியரும் தருதற்குரியவை. மின்சாரம் குறைந்தால் எழுதிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறும், கோப்புகள் சிதையும். தளர்ந்த முனையும் தரமற்ற கேபிளும் இதே தீங்கை விளைப்பன.

இன்னுமொரு செய்தி. சில கூடுகளின் சில்லு, தகவலை மறைகுறியாக மாற்றியே எழுதும். அச்சில்லு பழுதுற்றால், தட்டு நலமாக இருந்தும் வேறொரு கூட்டில் அதனைப் படிக்க இயலாது போகலாம். மறைவு வேண்டாதவர்கள் இத்தகைய கூட்டைத் தவிர்ப்பது நன்று.

இவ்வளவும் ஆராய்ந்து வாங்கினாலும், எந்தத் தட்டும் ஒருநாள் ஓய்ந்தே தீரும். எனவே இன்றியமையாதவற்றுக்கு மற்றொரு படியை வேறோரிடத்தில் வைத்திருங்கள். நல்ல கூடு அந்த நாளைத் தள்ளிப்போட உதவும். இரண்டாம் படியே அந்த நாளில் நம்மைக் காக்கும்.