கேட்கத் தெரிய வேண்டும்



அறப்பணிக்குப் பெரிதும் தேவை கொடுக்கிற மனமா, கேட்கிற முறையா என்பது தலைப்பு. எதிரணி நண்பர் 'மனசு, மனசு' என்று உருகிவிட்டுப் போனார். மனசு இருக்குதுங்க. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், பெரிய கம்பெனிகளெல்லாம் மூன்று வருஷ லாபத்தின் சராசரியில் 2 சதவீதத்தைச் சமுதாயப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. மனசைச் சட்டமே கொடுத்துவிட்டது. மனு யார் எழுதுவது? (சிரிப்பு)

நான் விழுப்புரத்துக்காரன். பக்கத்திலே திண்டிவனம். அங்கே கிடங்கில் என்று ஓர் இடம்; ஓய்மா நாட்டு நல்லியக்கோடன் ஆண்ட ஊர். அவனிடம் பரிசு வாங்கிய பாணன், வாங்காத பாணனுக்கு வழி சொல்வதுதான் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை. 269 அடி. அதிலே தன் பழைய வறுமையை அவன் எப்படிச் சொல்கிறான் தெரியுமா? 'ரொம்பக் கஷ்டம்' என்று பொதுவாகச் சொல்லவில்லை. கூரை இற்று விழுந்த அடுக்களை, சுவரிலே கறையான், காளான் பூத்திருக்கிறது. கண் திறக்காத குட்டிகள் முட்டிப் பால் குடிக்க, பால் இல்லாத தாய்நாய் வலியில் குரைக்கிறது. குப்பையில் முளைத்த வேளைக்கீரையை உப்பில்லாமல் வேகவைத்து, அடுத்தவர் கண்ணில் படாமல் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறார்கள். ஐயா, இதைவிட ஒரு மனு எழுத முடியுமா? (கைதட்டல்)

இதை முப்பது வருஷம் பாடம் நடத்தியவன் நான். திண்டிவனம் பக்கத்துக் கிராமப் பள்ளிக்குக் கழிப்பறை கட்ட ஓர் அறக்கட்டளைக்கு மனு எழுதச் சொன்னார்கள். ஆறு பக்கம் எழுதினேன். எதுகை மோனையெல்லாம் துள்ளி விளையாடியது. திரும்பி வந்துவிட்டது. 'எத்தனை பிள்ளைகள்? எவ்வளவு செலவு? கட்டியபின் யார் பராமரிப்பார்கள்?' இந்த மூன்றும் என் ஆறு பக்கத்தில் இல்லை! டாக்டர் பட்டம் இருந்தது. (சிரிப்பு)

அப்புறம் அந்தத் தலைமை ஆசிரியை அம்மா ஒரே பக்கம் எழுதினார்கள். பெண் பிள்ளைகள் 112 பேர், கழிப்பறை ஒன்று, அதன் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. மேஸ்திரி கொடுத்த மதிப்பீடு இணைப்பில். பராமரிப்புக்குப் பெற்றோர் சங்கம் மாதாமாதம் பணம் தரும். நமக்கு நாமே திட்டம்கூட மக்கள் பங்கைத்தானே முதலில் கேட்கிறது? கடைசியாக ஒரு வரி: 'பிள்ளைகள் காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீர் குடிப்பதில்லை.'

மூன்று மாதத்தில் பணம் வந்தது. நடுவர் அவர்களே, கொடுத்தது யார் தெரியுமா? என் மனுவைத் திருப்பி அனுப்பினார்களே, அதே அறக்கட்டளை!