எந்தக் கவுண்டரில் கேட்பது?

(நம் குடியிருப்பின் கல்லூரி மாணவர்களுக்காகச் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளிடம் லிஃப்டில் பேச்சுக் கொடுத்தால் அடிக்கடி வரும் பதில்: "படிக்கிறதுக்கும் வெளியில இருக்கிற வேலைக்கும் சம்பந்தமே இல்லீங்க அங்கிள்."

இதைச் சாதாரணமாக விட முடியாது. பனியன் கம்பெனிக்குப் போனால் சனிக்கிழமை கையில் சம்பளம் கிடைக்கிற ஊர் இது. வகுப்பில் உட்காருவது வீண் என்று ஒரு பையனுக்குத் தோன்றிவிட்டால், பாதியில் நிற்க அதிக நாள் ஆகாது. ஆகவே, படிப்பு நன்றாக இருக்க வேண்டும் என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. அது உங்கள் படிப்பைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி.

வங்கியில் பணம் கட்டும் கவுண்டரில் நின்று நகைக்கடன் கேட்டால் கிடைக்காது. கல்லூரியிலும் அப்படித்தான். எதை யார் முடிவு செய்கிறார்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் பாடத்திட்டம். நம் சிக்கண்ணா, எல்.ஆர்.ஜி. கல்லூரிகள் பாரதியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. இப்படி இணைந்த கல்லூரிகளில் தன்னாட்சி பெறாதவற்றுக்குப் பாடத்திட்டத்தை வகுப்பது பல்கலைக்கழகம். அதற்காக வகுப்பு ஆசிரியரிடம் கோபித்துப் பயனில்லை. தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டக் குழு கல்லூரிக்குள்ளேயே இருக்கும். அதில் தொழில்துறையைச் சேர்ந்த ஒருவரும், முன்னாள் மாணவர் ஒருவரும் இருக்க வேண்டும் என்கிறது யு.ஜி.சி. அவர்கள் யார் என்று விசாரித்து, அவர்கள் மூலம் பேசுங்கள்.

இரண்டாவது, கல்லூரியே செய்யக்கூடியவை: நூலக நேரம், ஆய்வக வசதி, சிறப்பு வகுப்பு, 30 மணி நேரச் சான்றிதழ் வகுப்பு. பி.காம். படிக்கிறவர்கள் எல்.சி., பேக்கிங் கிரெடிட், ஷிப்பிங் பில், டியூட்டி டிராபேக் பற்றி ஒரு வகுப்பு கேளுங்கள். எல்.சி.யில் சொன்ன தேதிக்கும் ஆவணத்தில் உள்ள தேதிக்கும் ஒத்துவராவிட்டால் வெளிநாட்டு வங்கி பணம் தர மறுக்கலாம். அந்தத் தாள்களைச் சரியாகப் பார்க்கத் தெரிந்த ஆளுக்கு இந்த ஊரில் எப்போதும் மதிப்பு உண்டு. வேதியியல் மாணவர்கள் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கூட்டிப் போகச் சொல்லிக் கேளுங்கள். நொய்யல் மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சாயக்கழிவு நீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்துவதை இங்கே நேரிலேயே பார்த்துப் படிக்கலாம்.

தொழிலுக்கேற்ற படிப்பு வேண்டும் என்று ஏற்றுமதியாளர் சங்கம் 1997-ல் நிஃப்ட்-டீ கல்லூரியையே கொண்டுவந்தது. முதலாளிகள் முயன்று பெற்றதை, படிக்கிற நீங்கள் கேட்கக் கூடாதா?

மூன்றாவது, தர உறுதிக் குழு. ஐ.க்யூ.ஏ.சி. என்பார்கள். நாக் வழிகாட்டுதலின்படி அதில் மாணவர் பிரதிநிதி ஒருவர் உண்டு. உங்கள் கல்லூரியில் அது யார் என்று நாளைக்கே விசாரியுங்கள். மாணவர் திருப்திக் கருத்துக்கணிப்பு மின்னஞ்சலில் வந்தால், எல்லாவற்றுக்கும் ஒரே பதிலைத் தட்டிவிட்டு மூடாதீர்கள். படித்துப் பார்த்து உண்மையைக் குறியுங்கள்.

நான்காவது, குறை தீர்க்கும் குழு. யு.ஜி.சி.யின் 2023 விதிமுறைப்படி ஒவ்வொரு கல்லூரி மாணவருக்கும் இந்த வழி உண்டு. புகார் கிடைத்த 15 வேலை நாட்களுக்குள் குழு தன் அறிக்கையைத் தர வேண்டும். முடிவு திருப்தி இல்லையென்றால், அது கைக்கு வந்த 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். இது கடைசிக் கவுண்டர். முதல் நாளே இங்கே போய் நிற்க வேண்டாம்.

எங்கே கேட்டாலும் எழுத்தில் கேளுங்கள். ஒரு கடிதத்தில் ஒரு விஷயம் போதும். "நூலகம் சரியில்லை" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. "பஸ் நேரத்தால் நாற்பது பேருக்கு நூலகம் பயன்படவில்லை, மாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறந்தால் உதவும்" என்று எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும். தேதி போட்டு, பலர் கையெழுத்திட்டு, நகலில் அலுவலக முத்திரை வாங்கி வையுங்கள். ஆசிரியரைக் குறை சொல்லும் தொனி வேண்டாம். அவரும் அதே வசதியைத் தான் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. "உனக்கெதுக்குக் கண்ணு வம்பு, மார்க்கைக் குறைச்சுப் போடுவாங்க" என்று நாம் சொல்லிவிடுகிறோம். அந்தப் பயம் நியாயமானதுதான். அதனால்தான் தனியாக வேண்டாம், சேர்ந்து கேளுங்கள், மரியாதையாகக் கேளுங்கள் என்கிறேன். மூன்று வருடம் ஒன்றும் கேட்காமல் படித்து முடித்தவன், வேலைக்கான நேர்காணலில் மட்டும் திடீரென்று வாய் திறந்து பேசிவிட மாட்டான்.

நம் குடியிருப்பிலேயே மெர்ச்சண்டைசர் இருக்கிறார், ஆடிட்டர் இருக்கிறார், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கல்லூரி சம்மதித்தால் ஏற்றுமதி ஆவணங்கள் பற்றிக் கட்டணம் இல்லாமல் வகுப்பெடுக்க நான் தயார். கடிதம் எழுத உதவி வேண்டுமானால், ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். பேனாவும் தாளும் அங்கே இருக்கும்.